கேட்ட ஒரே ஆள்

கேள்வி: எனக்கு 28 வயது. தினமும் தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு மின்ரயிலில் போய் வருகிறேன். யாரிடமும் சட்டென்று பேச வராது, புத்தகம்தான் துணை. இரண்டு வருஷமாகக் கிண்டில் என்ற மின்னூல் கருவியில் படிக்கிறேன். காகிதப் புத்தகம் என்றால் அட்டையைப் பார்த்து யாராவது பேச்சுக் கொடுப்பார்கள். இப்போது பார்ப்பவர்களுக்கு நான் ஏதோ வீடியோ பார்க்கிற ஆள். போன மாதம் சித்தி மகள் கல்யாணத்தில் தூணோரம் உட்கார்ந்து படித்தேன். மண்டபமே ஒரு மாதிரி பார்த்தது. அப்பாகூட வந்து, "என்னடா பார்க்கிறே?" என்றார். "ஒண்ணுமில்லப்பா" என்று மூடிவைத்தேன். அவரும் ஒருகாலத்தில் நிறையப் படித்தவர்தான். பொடி எழுத்து தெரியவில்லை என்று விட்டுவிட்டார். பொது இடத்தில் கூச்சமில்லாமல் மின்னூல் படிப்பது எப்படி?

பதில்: தம்பி, இந்த மாதிரிக் கடிதம் மாதத்துக்கு ஒன்றாவது வருகிறது. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்பதுதான் எல்லாருக்கும் கவலை. ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவர் என்னவோ நினைத்துக்கொள்ளட்டும், பல்லாவரத்தில் இறங்கிவிடுவார். அதை விடுங்கள்.

அட்டை இல்லாததால் யாரும் கேட்பதில்லை என்று புலம்புகிறீர்கள். ஒருத்தர் கேட்டாரே! அத்தனை கூட்டத்தில் தூணோரம் வரைக்கும் தேடி வந்து கேட்டார். அவருக்கு என்ன பதில் கிடைத்தது? "ஒண்ணுமில்லப்பா." கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒண்ணுமில்லையா? கூச்சம் வெளியாளிடம் வரும். பெற்ற அப்பாவிடம் வந்தால் அதற்கு அலட்சியம் என்று பேர்.

அடுத்த வரியைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. பொடி எழுத்து தெரியவில்லை, படிப்பதை விட்டுவிட்டார் என்று எழுதிவிட்டு, உங்கள் கூச்சத்துக்குத் தாவிவிட்டீர்கள். இரண்டு வருஷமாக உங்கள் பையில் கிடக்கிற அந்தக் கருவியில் எழுத்தைப் பெரிதாக்கலாம். பக்கத்துக்கு ஏழெட்டு வரி வருகிற அளவுக்குக்கூட வைக்கலாம். ஒரு நாளாவது தோன்றியதா?

உங்கள் அப்பா வயசுக்காரர்கள் வாரப் பத்திரிகைத் தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்தவர்கள். என் வீட்டுப் பரணில் இன்னும் நாலு பைண்டு இருக்கிறது, ஓரமெல்லாம் பழுப்பேறி, நடுநடுவே சோப்பு விளம்பரத்தோடு. அப்படிப் படித்த மனுஷன் படிப்பதை விட்டால் பொழுது எப்படிப் போகும்? டிவி முன்னால்தான் உட்கார்ந்திருப்பார். கண் டாக்டரிடம் காட்டினீர்களா என்றும் எழுதவில்லை. புரையாக இருக்கலாம். முதலில் கூட்டிக்கொண்டு போங்கள்.

அப்புறம், அந்தக் காலத்தில் என்ன படித்தார் என்று கேளுங்கள். சொல்ல ஆரம்பித்தால் நடுவில் எழுந்து போகாதீர்கள். மதுரைத் திட்டம் என்ற இணையதளத்தில் 1998-லிருந்து பழைய நூல்களை இலவசமாக ஏற்றிவருகிறார்கள். நாட்டுடைமையான எழுத்தாளர்களின் கதைகளும் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கும். ஈபப் (EPUB) என்ற மின்னூல் கோப்பாகப் பார்த்து இறக்குங்கள். பிடிஎஃப்பில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரையைத் தாண்டி ஓடும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை இழுத்துக்கொண்டிருக்க அவருக்குப் பொறுமை இருக்காது.

கல்யாண விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சித்தி மகள் உங்களுக்குத் தங்கை முறை. தங்கை கல்யாணத்தில் அண்ணனுக்குத் தூணோரம் என்ன வேலை? பேச வராது, சரி. பந்தியில் தண்ணீர் ஜக்கைத் தூக்கிக்கொண்டு நடக்கப் பேச்சு எதற்கு? டம்ளர் காலியா என்று பார்த்தால் போதும். நானும் வாயில்லாப் பூச்சியாக இருந்தவள்தான். பாதிச் சொந்தக்காரர்களை ஜக்கும் கையுமாகத்தான் தெரிந்துகொண்டேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை கிண்டிலை அப்பா கையில் கொடுங்கள். முதல் நாள் அவர் பக்கம் புரட்டத் தெரியாமல் விரலை அழுத்தியே வைத்திருப்பார், ஏதாவது பெட்டி திறந்துகொள்ளும். "எதையோ கெடுத்துட்டேன்டா, நீயே வெச்சுக்கோ" என்று நீட்டுவார். வாங்கிக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே தொட வேண்டும் என்று இன்னொரு தடவை காட்டுங்கள்.