உப்புக்காற்றுக்கு ஈடுகொடுக்கும் 600 சதுர அடி வீடு: கேள்வி பதில்

தேவனாம்பட்டினத்திலிருந்து: சார், கடற்கரை நடக்கிற தூரம்தான். பக்கத்து வீட்டுத் தளம் அடியில் பாளம் பாளமா உதிர்ந்து கம்பி தெரியுது. எனக்கு அப்படி ஆகாம இருக்க என்ன செய்யணும்?

பதில்: உப்பு உள்ளே இறங்கிக் கம்பி துருப்பிடிக்கிறது. துருவுக்குக் கம்பியைவிட அதிக இடம் வேண்டும். அது உப்பி கான்கிரீட்டைத் தள்ளிவிடுகிறது. பெரும்பாலும் காரணம் கவர், அதாவது கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் கனம், போதாததுதான். கடலோரத்துக்கு ஐஎஸ் 456 என்ற இந்தியக் கான்கிரீட் தர விதி சொல்வது எம்30 என்ற வலிமைத் தரக் கான்கிரீட், 45 மி.மீ. கவர், தண்ணீர்-சிமென்ட் விகிதம் 0.45. அதாவது 50 கிலோ மூட்டைக்கு 22.5 லிட்டர், மணலில் இருக்கும் ஈரமும் இந்தக் கணக்கில் சேர்த்திதான். கம்பிக்கு அடியில் உடைந்த ஜல்லியைச் சொருக விடாதீர்கள், கம்பியைச் சரியான உயரத்தில் தாங்கும் கவர் பிளாக் வைத்தே ஆக வேண்டும். உவர்ப்பான போர் தண்ணீர் கலவைக்கும் வேண்டாம், க்யூரிங்குக்கும் (கட்டிய பின் நனைத்து வைப்பதற்கும்) வேண்டாம். இரும்பாலைக் கசடு கலந்த ஸ்லாக் சிமென்ட் உப்பை நன்றாகத் தாங்கும், ஆனால் 14 நாளாவது ஈரம் காயக் கூடாது. மனை உயர் அலைக் கோட்டிலிருந்து (அலை ஏற்றத்தில் கடல் நீர் எட்டும் எல்லை) 500 மீட்டருக்குள் என்றால், கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி விவரத்தை முதலில் பாருங்கள்.

வானூரிலிருந்து: ஆரோவில் வீடுகள் மாதிரி செம்மண் பிளாக்கில் சுவர் எழுப்ப ஆசை. தோட்டத்து மண்ணே போதுமா அண்ணா?

பதில்: மேல்மண்ணை ஒதுக்கிவிடுங்கள், வேரும் மட்கும் இருக்கும் மண் ஆகாது. அடியில் இருப்பதைக் கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, ஒரு நாள் அசையாமல் வையுங்கள். மணல் அடியிலும் களி மேலேயும் படியும். மணல் பாதியளவும் களி ஐந்தில் ஒரு பங்கும் இருந்தால் நல்ல மண். களி கூடினால் மணல் சேர்க்கலாம். சிமென்ட் 5 சதவீதம்.

தண்ணீர் பதம் கையிலேயே தெரியும். கலவையை உருண்டை பிடித்து நெஞ்சளவு உயரத்திலிருந்து தரையில் போடுங்கள். நாலைந்து துண்டாக உடைந்தால் சரி. பொடிந்தால் ஈரம் போதாது, அப்பமாகப் பதிந்தால் ஈரம் மிஞ்சிவிட்டது. சிமென்ட் கலந்த மண்ணை அரை மணிக்குள் அச்சில் அழுத்தி பிளாக்காக்கி முடித்து, 28 நாள் நனையுங்கள். பேஸ்மட்டத்துக்கு மேல் முதல் இரண்டடியைக் கருங்கல்லிலோ சுட்ட செங்கல்லிலோ கட்டுங்கள். ஐப்பசி மழை தரையில் விழுந்து தெறிப்பது அந்த உயரத்தில்தான் சுவரை அரிக்கும்.

காலாப்பட்டிலிருந்து: மேற்கு பார்த்த மனை. ஏசி இல்லாம சமாளிக்க முடியுமா?

பதில்: முடியும். புதுச்சேரியிலேயே அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியைப் பாருங்கள். கட்டடக் கலைஞர் அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்தது. நீளப் பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கும். ஜன்னல் கண்ணாடிக்குப் பதில் திருப்பி வைக்கக்கூடிய பலகைகள். உங்கள் மனையில் குளியலறை, சாமான் அறை, மாடிப்படி மூன்றையும் மேற்கே தள்ளுங்கள். பிற்பகல் கடற்காற்று நுழையக் கிழக்கிலும் தென்கிழக்கிலும் ஜன்னல். வெளியேற எதிர்ச்சுவரில் உயரத்தில் அதே அளவு திறப்பு. வெளியேற வழி இல்லையென்றால் எத்தனை ஜன்னல் வைத்தும் காற்று உள்ளே வராது. வடகிழக்குச் சாரலுக்கு இரண்டடி சன்ஷேட் போட்டு, அடி விளிம்பில் அரை அங்குலக் காடி இழுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் அடிப்பக்கமாகவே ஓடி ஜன்னல் கட்டைக்கு வந்துவிடும்.

ரெட்டிச்சாவடியிலிருந்து: 2011 தானே புயல்ல எங்க ஓடெல்லாம் பறந்துபோச்சு. திரும்பவும் ஓடு போடலாமா சார்?

பதில்: தாராளமாக. சாய்வு 30 டிகிரி இருக்கட்டும். காற்று இறவாணத்துக்கு அடியில் புகுந்துதான் ஓட்டைத் தூக்கும், அதனால் ஓரத்து இரண்டு வரிசையையும் முகட்டையும் செம்புக் கம்பியால் ரீப்பரோடு (ஓடு உட்காரும் சட்டம்) கட்டுங்கள். சாதாரணக் கட்டுக்கம்பி உப்பில் இற்றுவிடும். கைமரத்தை, சுவர் உச்சியில் சுற்றி ஓடும் பெல்ட் கான்கிரீட்டில் பதித்த போல்ட்டோடு பிடிக்க வேண்டும். தாழ்வாரக் கூரை தனியாக இருக்கட்டும். அது போனாலும் பெரிய கூரையை இழுத்துக்கொண்டு போகாது.

மறுபடியும் தேவனாம்பட்டினம்: 45 மி.மீ. கவர்னா தளம் பழைய கனத்திலேயே போதுமா?

பதில்: போதாது, நல்ல கேள்வி. கனத்தைக் கூட்டாமல் கவரை மட்டும் கூட்டினால் கம்பி மேலேறி, தளத்தின் பலம் குறைந்து தொய்யும். 4 அங்குலத்தில் நிறுத்தாமல், பொறியாளரிடம் 45 மி.மீ. கவருக்கென்றே கம்பிக் கணக்கை மறுபடி போடச் சொல்லுங்கள்.