இன்னும் பூக்கலையே என்று கேட்பவர்களுக்கு: பின்பருவச் செடிகள் பற்றிய கேள்வி பதில்

ஐப்பசி பிறந்தால் போதும், எனக்கு வரும் கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான்: "செடி நல்லா இருக்கு, பூ மட்டும் இல்லை, என்ன மருந்து அடிக்கலாம்?" தர்மபுரிப் பக்கம் முப்பது வருடமாக மானாவாரி நிலத்தோடு மல்லுக்கட்டுகிறவன் என்ற முறையில், இந்த முறை வந்தவற்றுக்கு மொத்தமாகப் பதில் எழுதிவிடுகிறேன்.

காரிமங்கலத்திலிருந்து: ஆடிப்பெருக்கு முடிந்த கையோடு நாட்டு அவரை போட்டேன். பந்தல் நிறைய கொடி. ஐப்பசி பாதியாகியும் ஒரு பூ கூட இல்லை. மலட்டுக் கொடி, பிடுங்கிப் போடு என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

பிடுங்காதீர்கள். கொடிக்கு ஒரு குறையும் இல்லை. அது பொழுது சுருங்குவதற்குக் காத்திருக்கிறது.

நம் ஊரில் ஆனி மாதம் பகல் ஏறக்குறைய 12 மணி 50 நிமிடம். மார்கழியில் 11 மணி 25 நிமிடத்துக்கு இறங்கிவிடும். ஒன்றரை மணி நேரம் கூட இல்லாத இந்த வித்தியாசம் நமக்குப் பெரிதாகத் தெரியாது, நாட்டு அவரைக்குத் தெரியும். இரவு போதுமான அளவு நீண்ட பிறகுதான் அது பூவெடுக்கும். நீங்கள் ஆடியில் போட்டாலும் சரி, ஆவணியில் போட்டாலும் சரி, பூ வருவது பெரும்பாலும் ஐப்பசிக் கடைசி, கார்த்திகையில்தான். முன்னால் போட்டவருக்குக் கொடி பெரிதாக இருக்கும், அவ்வளவுதான்.

இப்போது செய்ய வேண்டியது: யூரியாவை நிறுத்துங்கள். தண்ணீரைக் கொஞ்சம் குறையுங்கள். இலை அடர்ந்து கிடந்தால் நுனியைக் கிள்ளி விடுங்கள். மற்றதைப் பனி பார்த்துக்கொள்ளும். பனியில் நனைந்த அவரைக்குத்தான் மணம் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். தை மாதத்து அவரைக்கொட்டைக் குழம்பு சாப்பிட்டவர்களிடம் இதை விளக்க வேண்டியதில்லை.

எல்லாக் காலத்திலும் காய் வேண்டும் என்றால் அதற்கு வேறு ரகம் இருக்கிறது. பெங்களூரு ஹெப்பாளில் உருவான ஹெப்பாள் அவரை 3, 4 இரண்டும் பகல் நீளத்தைப் பொருட்படுத்தாதவை; குத்துச்செடியாக நின்று சீக்கிரம் பூத்துவிடும். மணம் எப்படி என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள், நான் நாட்டு அவரைக் கட்சி.

ராயக்கோட்டையிலிருந்து: சாமந்தி போட்டிருக்கிறோம் அண்ணா. வயல் முழுக்க மொட்டு வந்துவிட்டது. ரோட்டோரம் நாலைந்து வரிசை மட்டும் பச்சையாகவே நிற்கிறது. உரம், தண்ணீர் எல்லாம் ஒன்றுதான். மண்ணில் கோளாறா?

மண்ணை விடுங்கள். அந்த வரிசைகளுக்கு நேரே தெருவிளக்கு இருக்கிறதா, பாருங்கள். புதிதாக எல்இடி போட்டிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

சாமந்தியும் நீண்ட இரவு கேட்கும் செடி. விளக்கு வெளிச்சம் விழுகிற இடத்தில் அதற்கு இரவே ஆகவில்லை, அதனால் இலையாகவே விட்டுக்கொண்டிருக்கும். ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடிலில் சாமந்தி வளர்ப்பவர்கள் இதைத் தெரிந்தேதான் செய்கிறார்கள்: செடி உயரம் பிடிக்கும்வரை ராத்திரியில் பல்பு எரியவிடுவது, பிறகு கறுப்புத் துணி மூடி இரவை நீட்டிப் பூக்க வைப்பது. உங்களுக்கு அது கேட்காமலே நடக்கிறது.

நானும் இதில் பட்டவன். மோட்டார் கொட்டகையில் திருட்டுப் பயத்துக்காக விடிய விடிய பல்பு எரியவிட்டேன். கொட்டகையை ஒட்டின அவரை மட்டும் கார்த்திகை முடிந்தும் பூக்கவில்லை. இரண்டு முறை மருந்தடித்துக் காசைக் கரைத்தேன். பிறகு பல்பு ஃபியூஸ் போனது. மூன்று வாரத்தில் பூ வந்தது. அப்பா அதைச் சொல்லிச் சொல்லியே பொங்கல் வரை சிரித்தார்.

விளக்குக்கு வயல் பக்கம் ஒரு தகரத் தடுப்பு வைக்க ஊராட்சியில் கேட்டுப் பாருங்கள். நடக்காவிட்டால் செடி உயரத்துக்கு மேலே நிழல்வலையைத் திரை மாதிரி கட்டுங்கள். அடுத்த வருடம் அந்த இடத்தில் தக்காளி போடுங்கள், அதற்கு விளக்கால் கவலை இல்லை.

தர்மபுரியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: செடி பகலை அளக்கிறதா, இரவையா ஐயா? இது எப்படித் தெரிய வந்தது?

இரவைத்தான், தம்பி. 1920இல் கார்னர், அல்லார்டு என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், கோடை முழுக்க வளர்ந்தும் பூக்காத ஒரு புகையிலை ரகத்தை வைத்து, பகல் நீளத்துக்கும் பூப்புக்கும் உள்ள தொடர்பைக் காட்டினார்கள். இருட்டுதான் கணக்கு என்பதை 1938இல் ஹாம்னர், போனர் இருவரும் காட்டினார்கள். நீண்ட இரவின் நடுவே கொஞ்ச நேரம் வெளிச்சம் காட்டினாலே செடி பூக்காமல் போனது. அவர்கள் சோதித்த செடி நம் ஏரிக்கரையில் வேட்டியில் ஒட்டிக்கொள்கிற மருளூமத்தையின் இனம். அடுத்த முறை அந்த முள்காயைப் பிய்த்துப் போடும்போது கொஞ்சம் மரியாதையோடு போடுங்கள்.

பென்னாகரத்திலிருந்து: கேழ்வரகில் ஊடுபயிராகத் துவரை. பூ மஞ்சளாகக் கொழிக்கிறது, ஆனால் தரையெல்லாம் பூதான். என்ன செய்ய?

முதலில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். துவரையில் பத்துப் பூவில் எட்டு, ஒன்பது உதிர்வது இயல்பு. மிச்சம் நின்றாலே மகசூல்தான்.

அதற்கு மேலும் கொட்டினால் இரண்டு காரணம் பார்ப்பேன். ஒன்று, கேழ்வரகு அறுத்த பிறகு நிலம் சுத்தமாகக் காய்ந்துவிட்டதா? நீண்டகாலத் துவரை ஆறு மாதம் நிற்கிற பயிர். மழை ஓய்கிற நேரத்தில்தான் பூக்கும். ஒரு தண்ணீர் கொடுக்க வழியிருந்தால் பூ சமயத்தில் கொடுங்கள். இரண்டு, வானம் நாலு நாள் மூட்டம் போட்டு நின்றதா? அப்போது பூவையும் மொட்டையும் சேர்த்துக் கூடு கட்டித் தின்கிற புழு வரும். பூங்கொத்தைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருக்கும்.

உதிர்வைக் குறைக்க டிஏபி உரக் கரைசல் தெளிக்கலாம். ஏக்கருக்கு 4 கிலோ டிஏபியை முதல் நாள் ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் தெளிந்த நீரை மட்டும் வடித்து, 200 லிட்டராக்கிச் சாயங்காலம் அடியுங்கள். பூ தொடங்கும்போது ஒரு தடவை, 15 நாள் கழித்து ஒரு தடவை. வண்டலோடு ஊற்றினால் நாசில் அடைத்துக்கொண்டு உங்கள் வாயைக் கிளறும்.

துவரைக் காயைத் துளைக்கிற பச்சைக் காய்ப்புழுவுக்கு, ஆண் அந்துப்பூச்சியை வாசனையால் இழுத்துப் பிடிக்கிற இனக்கவர்ச்சிப் பொறி ஏக்கருக்கு 5-ம், பறவை உட்கார 20 குச்சியும் நடுங்கள். கரிச்சான் வந்து உட்காரட்டும். கூலி கேட்காத ஆள்.

அரூரிலிருந்து: கொள்ளை ஆடியிலேயே போட்டால் சீக்கிரம் எடுக்கலாமா?

மாட்டுக்குத் தீவனம்தான் எடுக்கலாம். கொடியாக ஓடும், காய் குறையும். கொள்ளுக்குப் புரட்டாசிதான் சரி. பையூர் ஆராய்ச்சி நிலையத்தின் பையூர் 2 ரகம் ஏறக்குறைய 105 நாளில் வந்துவிடும். கடைசிக் காலத்தைப் பனியிலேயே ஓட்டிவிடும் பயிர் அது.

அஞ்செட்டி மலைப்பக்கத்திலிருந்து: எண்ணெய்க்காக உச்செள்ளு போட்டோம், காடே மஞ்சளாகப் பூத்தது. அறுத்து அடித்தால் பாதி பொக்கு. ஏன்?

தேனீ வந்ததா? உச்செள்ளு தன் மகரந்தத்தில் தானே மணி பிடிக்காத செடி. ஒரு செடியின் மகரந்தம் இன்னொரு செடிக்குப் போனால்தான் விதை. காற்றால் ஆகிற காரியமும் இல்லை, பூச்சிதான் சுமக்க வேண்டும். பக்கத்துக் காட்டில் பூ நேரத்தில் யாராவது காலையில் பூச்சிமருந்து அடித்திருந்தால் உங்கள் மணி போனது அங்கேதான். சண்டைக்குப் போகாமல், அடிப்பதைச் சாயங்காலத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். கேழ்வரகு ஓரத்தில் ஒற்றை வரிசையாகப் போடுவதைவிட ஒரு துண்டாகச் சேர்த்துப் போட்டால் தேனீயும் நின்று வேலை செய்யும்.

காவேரிப்பட்டணத்திலிருந்து: தை முடியப் போகிறது, தோப்பில் நீலம் மாமரம் இன்னும் சரியாகப் பூ விடவில்லை. செந்தூரா எப்போதோ பூத்துவிட்டது.

நீலம் என்றைக்குமே கடைசி ஆள். செந்தூரா சந்தையை முடித்துக் கிளம்பும்போது இது வரும், ஆனி ஆடி வரை நிற்கும். மாவுக்கு அவரையின் கணக்கு பொருந்தாது. முற்றிய கிளை, மண்ணில் கொஞ்சம் காய்ச்சல், கூடவே குளிர், இவைதான் அதற்கு வேண்டும். மார்கழியிலும் மழை விட்டு விட்டுப் பெய்த வருடம் என்றால் பூவுக்குப் பதில் செந்தளிர் வரும். பூ எட்டிப் பார்க்கும் முன்பே தண்ணீர் கட்டிவிடாதீர்கள், அங்கேதான் நிறையப் பேர் கெடுத்துக்கொள்கிறார்கள்.

ஊத்தங்கரையிலிருந்து: புளி பூத்து ஆறு மாதமாகியும் காய் பச்சையாகவே இருக்கிறதே?

இருக்கட்டும். மாசி, பங்குனிக்கு முன்னால் உலுக்க நினைக்காதீர்கள்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து: அவரை விதைக்குக் கடைசிக் காயை விட்டுவைப்பது எங்கள் வழக்கம். வருடத்துக்கு வருடம் பூ தள்ளிப் போகிறது மாதிரி இருக்கிறது. காரணம் இதுதானா அண்ணா?

இருக்கலாம், ஆனால் காயால் இல்லை, செடியால். ஒரே கொடியில் முதல் காயும் கடைசிக் காயும் ஒரே தாயின் பிள்ளைகள். ஆனால் நாட்டு விதையில் கொடிக்குக் கொடி குணம் மாறும். முன்னால் பூத்த கொடிகளை எல்லாம் குழம்புக்குப் பறித்துவிட்டு, மாசியில் மிச்சம் நிற்கிற பச்சைக் கொடியில் விதை எடுத்தால், நீங்கள் வருடாவருடம் பின்னால் பூக்கிற கொடியைத்தான் பொறுக்குகிறீர்கள்.

கார்த்திகையில் முதலில் பூக்கிற, நோயில்லாத பத்துக் கொடிக்குச் சிவப்புத் துணி கட்டி, வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். அதில் நடுப்பருவத்துக் காயைக் கொடியிலேயே காயவிட்டு எடுங்கள். வண்டு வயலிலேயே காயில் முட்டை வைத்துவிடும் என்பதால், உரித்த விதையை இரண்டு மூன்று வெயில் நன்றாகக் காட்டிச் சாம்பல் கலந்து பானையில் வையுங்கள். என் வீட்டில் துணி கட்டின கொடியில்தான் மாமியார் முதலில் கை வைப்பார். அதனால் நான் பன்னிரண்டு கொடிக்குக் கட்டுகிறேன்.