டி டிரைவ் பேக்கப் ஆகாது: வட்டு அழிப்பு, விண்டோஸ் மறுநிறுவல் கேள்வி-பதில்

கே: லேப்டாப்பை விற்கப் போகிறேன். பார்மட் செய்து கொடுத்தால் போதுமா?

குயிக் பார்மட் என்றால் போதாது. கோப்புகளின் பட்டியல்தான் போகும். சுழலும் வட்டில் கோப்புகள் அப்படியே கிடக்கும், இலவச ரெக்கவரி மென்பொருளே தோண்டி எடுத்துவிடும். விஸ்டா தொடங்கி, முழு பார்மட் வட்டு முழுக்கப் பூஜ்யம் எழுதுகிறது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் தன் சி டிரைவைத் தானே அழிக்க விடாது. விண்டோஸ் இன்ஸ்டாலர் உள்ள பென்டிரைவில் பூட் செய்து, முதல் திரையில் ஷிஃப்ட்+எஃப்10 அழுத்துங்கள். கறுப்புக் கட்டளைத் திரை வரும். அதில் இவற்றை ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் தட்டுங்கள்: டிஸ்க்பார்ட், லிஸ்ட் டிஸ்க், செலக்ட் டிஸ்க் (எண்), கிளீன் ஆல். வெறும் 'கிளீன்' பார்ட்டிஷன் விவரத்தை மட்டுமே நீக்கும், 'ஆல்' முக்கியம்.

1 டிபி வட்டுக்கு இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். திரையில் எந்த அசைவும் இருக்காது. ஹேங் ஆகிவிட்டது என்று பவரைப் பிடுங்காதீர்கள். பட்டியலில் உங்கள் பென்டிரைவும் ஒரு எண்ணோடு நிற்கும். அளவைப் பார்த்து வட்டை உறுதி செய்த பிறகே எண்ணைத் தட்டுங்கள். 'நிச்சயமாகவா?' என்று டிஸ்க்பார்ட் கேட்காது.

கே: எஸ்எஸ்டியை (சுழலாத, சிப்பில் சேமிக்கும் வட்டு) 35 முறை அழித்தால்தான் பாதுகாப்பு என்கிறார்களே?

வேண்டாம். அந்த 35 முறை, 1996-இல் அன்றைய வட்டுகளின் பதிவு முறைகளை வைத்துச் சொல்லப்பட்டது. இன்றைய சுழலும் வட்டுக்கு ஒரு முறை போதும். எஸ்எஸ்டியிலோ எத்தனை முறை மேலெழுதினாலும், அதன் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சிப் (கண்ட்ரோலர்) தனியாக ஒதுக்கி வைத்திருக்கும் பிளாக்குகளுக்கு அது எட்டாது, தேய்மானம்தான் மிச்சம். பயாஸிலோ (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரை) தயாரிப்பாளரின் மென்பொருளிலோ 'செக்யூர் எரேஸ்' அல்லது 'சானிடைஸ்' இருக்கும். பெரும்பாலும் சில நிமிட வேலை.

கே: போட்டோ எல்லாம் டி டிரைவில் பத்திரமாக இருந்தது. விண்டோஸ் போட்டபின் டி டிரைவையே காணோம். எப்படி மீட்பது?

பத்திரமாக இல்லை. இதே கடிதம் பெயர் மாறி வந்துகொண்டே இருக்கிறது, நானும் எழுதிக்கொண்டே இருக்கிறேன்: சியும் டியும் பெரும்பாலான லேப்டாப்களில் ஒரே வட்டின் இரண்டு பார்ட்டிஷன்கள். வட்டு செத்தால் இரண்டும் சேர்ந்தே போகும். டி டிரைவில் ஒரு காப்பி என்பது பேக்கப் அல்ல.

இன்ஸ்டாலர் திரையில் சி, டி என்ற எழுத்துகளை நம்பிப் போனவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். அங்கே தெரிவது 'டிஸ்க் 0 பார்ட்டிஷன் 1, 2, 3...' என்ற வரிசைதான். பெரும்பாலும் அளவுதான் அடையாளம். 'எல்லாவற்றையும் டெலிட் செய்' என்று யாரோ சொன்னதைக் கேட்டு வரிசையாகத் தட்டினால் டியும் போகும். டியைத் தொடாதவர்களும் தப்புவதில்லை: டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றும் வழக்கமாக சிக்குள்தான் இருக்கின்றன. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும் அங்கேதான்.

இப்போது செய்ய வேண்டியது: அந்தக் கணினியை உடனே அணையுங்கள். சுழலும் வட்டு என்றால் கழற்றி வேறு கணினியில் மாட்டி டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மீட்பு மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். மேலே புதிதாக எழுதப்படாத பகுதி மீள வாய்ப்புண்டு. மீட்ட கோப்புகளை அதே வட்டில் சேமிக்காதீர்கள். எஸ்எஸ்டி என்றால், பார்மட் ஆகும்போதே, 'இந்த இடங்கள் இனி வேண்டாம், அழிக்கலாம்' என்று வட்டுக்குச் சொல்லும் ட்ரிம் கட்டளை போயிருக்கும். பெரிதாக நம்ப வேண்டாம்.

மற்றவர்களுக்கு: வெளி வட்டில் காப்பி எடுங்கள், வேறு கணினியில் நாலைந்து கோப்பைத் திறந்து பாருங்கள், பிறகு அந்த வட்டைக் கழற்றி வைத்துவிட்டு இன்ஸ்டாலரைத் தொடுங்கள்.

கே: விண்டோஸ் இன்ஸ்டால் ஆகவில்லை, எரர் வருகிறது. என்ன செய்ய?

என்ன எரர் என்று எழுதாவிட்டால் சோழி உருட்டியா சொல்வது? அதிகம் வருவது ஜிபிடி, எம்பிஆர் (வட்டில் பார்ட்டிஷன் விவரத்தை எழுதும் புது, பழைய முறைகள்) தகராறு என்பதால் அதையே வைத்துக்கொள்வோம். 'ஜிபிடி வட்டில் நிறுவ முடியாது' என்றால் பென்டிரைவ் பழைய லெகசி முறையில் பூட் ஆகியிருக்கிறது. பூட் மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு முறை தெரியலாம். யுஇஎஃப்ஐ (புதிய பூட் முறை) என்று தொடங்குவதைத் தேர்ந்தெடுங்கள். வட்டில் கை வைக்கத் தேவையில்லை.

கே: இன்ஸ்டாலரில் வட்டே தெரியவில்லை. எஸ்எஸ்டி போய்விட்டதா?

பயாஸில் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். தெரிந்தால் பெரும்பாலும் எஸ்எஸ்டி நலம்; இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் பல லேப்டாப்களில் விஎம்டி (எஸ்எஸ்டியை இன்டெல் ப்ராசஸர் வழியாக நிர்வகிக்கும் வசதி) இயக்கத்தில் இருப்பதுதான் வழக்கமான காரணம். தயாரிப்பாளர் தளத்தில் அதற்கான இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை எடுத்து, விரித்து, ஐஎன்எஃப் கோப்புகளோடு பென்டிரைவில் போட்டு, 'லோட் டிரைவர்' கொடுங்கள். இஎக்ஸ்இ கோப்பை அப்படியே போட்டால் இன்ஸ்டாலர் கண்டுகொள்ளாது.

கே: ஆக்டிவேஷன் கீ தொலைந்துவிட்டது.

முன்பு முறைப்படி ஆக்டிவேட் ஆகியிருந்து, மதர்போர்டு மாறாமல் இருந்தால் தேவையில்லை. 'என்னிடம் கீ இல்லை' என்பதைத் தேர்ந்தெடுத்து, ஹோம் இருந்தால் ஹோம், ப்ரோ இருந்தால் ப்ரோ போடுங்கள். இணையம் வந்ததும் தானே ஆக்டிவேட் ஆகும்.

கே: பிட்லாக்கர் (வட்டைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) 48 இலக்க எண் கேட்கிறது. அது இல்லாமல் மறுநிறுவல் முடியுமா?

முடியும். பார்ட்டிஷன்களை நீக்கி நிறுவ எண் வேண்டாம். உள்ளே இருக்கும் கோப்புகள் வேண்டும் என்றால் எண் இல்லாமல் நடக்காது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் தேடுங்கள்.

கே: புது எஸ்எஸ்டியில் விண்டோஸ் போட்டேன். பழைய வட்டைக் கழற்றியதும் பூட் ஆகவில்லை.

பழைய வட்டில் ஏற்கெனவே இருந்த இஎஃப்ஐ பார்ட்டிஷனிலேயே (பூட் கோப்புகளுக்கான சிறு பகுதி) இன்ஸ்டாலர் பூட் கோப்புகளை வைத்துவிட்டது. புது எஸ்எஸ்டியில் அப்படியொரு பார்ட்டிஷன் உருவாக்கி பிசிடிபூட் என்ற விண்டோஸ் கட்டளையை ஓட்டிச் சரிசெய்யலாம். நேற்றுத்தான் நிறுவினீர்கள் என்றால், பழைய வட்டை மாட்டாமலே மறுபடி நிறுவுவது சுலபம்.

கே: பேட் செக்டார் (படிக்கவோ எழுதவோ முடியாமல் கெட்டுப்போன இடங்கள்) உள்ள வட்டு முழு பார்மட்டில் சரியாகுமா?

ஆகாது. மோசமான இடங்களை ஒதுக்கி வைக்கும், அவ்வளவே. வட்டு தன் உடல்நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் 'ரீஅலோகேட்டட் செக்டார்' (கெட்டதால் மாற்றிடம் கொடுக்கப்பட்டவை) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் வட்டை மாற்றுங்கள். காப்பி எடுக்கும் முன் பார்மட்டும் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம்; சாகப் போகும் வட்டு எத்தனை மணி நேரம் தாங்கும் என்று சொல்ல முடியாது.