"நார்டிக்" என்றால் என்ன? "ஸ்காண்டிநேவிய" என்பதும் அதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. ஃபின்லாந்தை வைத்துப் பார்த்தால் உடனே பிடிபடும்: அது நார்டிக் நாடு, ஆனால் கறாராகச் சொன்னால் ஸ்காண்டிநேவிய நாடு அல்ல.

டென்மார்க், நார்வே, ஸ்வீடன் மூன்றும் ஸ்காண்டிநேவியா. இவற்றோடு ஃபின்லாந்து, ஐஸ்லாந்து, ஃபரோ தீவுகள், கிரீன்லாந்து, ஓலாந்து தீவுகளும் சேர்ந்தால் நார்டிக். இந்நாடுகளின் நாடாளுமன்றங்கள் கூடிப் பேச 1952-ல் தொடங்கிய நார்டிக் கவுன்சிலின் எல்லையும் இதுதான். ஃபின்லாந்து 1955-ல் சேர்ந்தது.

வேர்ச்சொல் "நோர்ட்", அதாவது வடக்கு. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஸ்வீடிஷ், டேனிஷ், நார்வேஜிய மொழிகளில் "நோர்டிஸ்க்" என்பார்கள். ஃபின்னிஷ் வேறு மொழிக்குடும்பம். அதனால் அவர்கள் கடன் வாங்காமல் "வடநாடுகள்" என்றே பொருள்படும் சொந்தச் சொல்லை வைத்துக்கொண்டார்கள். தனித்தமிழ் அன்பர்களுக்கு அவர்களைப் பிடிக்கும்.

இதைப் பார்த்து நாமும் "வட ஐரோப்பிய" என்று மொழிபெயர்த்துவிடக் கூடாது. ஐ.நா.வின் புள்ளிவிவரப் பிரிவு வட ஐரோப்பா என்னும்போது பிரிட்டன், அயர்லாந்து, எஸ்டோனியா, லாத்வியா, லித்துவேனியாவும் உள்ளே வந்துவிடும்.

"நார்ஸ்" இன்னொரு குழப்பம். ஓடின், தோர் என்ற கடவுள்கள் வரும் வடநாட்டுப் பழங்கதைகளுக்கும் அந்தக் காலத்து மொழிக்கும் அதுதான் சொல். தோரை "நார்டிக் கடவுள்" என்றால் பெரிய பிழையில்லை; ஆனால் இன்றைய ஸ்வீடன் பள்ளியை "நார்ஸ் கல்விமுறை" என்றால் அபத்தம்.

சொல் கச்சிதமாகப் பொருந்தும் இடம் கொடி. பெரும்பாலான நார்டிக் நாடுகளின் கொடியில் இருப்பது நார்டிக் சிலுவை. அதன் செங்குத்துப் பட்டை நடுவில் இருக்காது, கம்பத்துப் பக்கம் ஒதுங்கியிருக்கும். ஸ்வீடன் கொடியின் நீளத்தை 16 பங்காக்கினால் 5 நீலம், 2 மஞ்சள், 9 நீலம். வரைபவர்கள் பட்டையை நடுவில் போட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு. பனிச்சறுக்கிலும் சொல்லுக்குத் தனிப் பொருள் உண்டு: குதிகால் பலகையோடு பிணைக்கப்படாமல் தூக்க முடிந்தால் நார்டிக், பிணைத்திருந்தால் ஆல்பைன்.

"நார்டிக் இனம்" மட்டும் வேண்டாம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து இனவாதக் கோட்பாடு அது; நாஜிகள் கையில் எடுத்துக்கொண்டது. "நார்டிக் மக்கள்" என்றால் போதும்.

இது பெயரடை என்பதால் "நார்டிக்கில் குளிர் அதிகம்" என்பது ஒட்டாது. "நார்டிக் நாடுகளில்" என்று எழுதுங்கள். "நோர்வே" என்று எழுதும் ஈழத்தவர் "நோர்டிக்" என எழுதினால் அது பிழையல்ல. ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி.