பாஸ்பேட் குறைவு என்கிறது அறிக்கை, ஏரியோ பச்சை: எதை நம்புவது?

கேள்வி: எங்கள் ஊர் ஏரி மாசி பிறந்தாலே பச்சைச் சாயம் கரைத்தது போல ஆகிவிடுகிறது. தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். ‘கரைந்த பாஸ்பேட் குறைவு’ என்று வந்தது. கூடவே ஆசிலடோரியா, யூக்ளினா, சீனடெஸ்மஸ், நேவிகுலா, மைக்ரோசிஸ்டிஸ் என்று ஐந்து பெயர்கள். பள்ளியில் ஒரு மைக்ரோஸ்கோப் இருக்கிறது. இந்தப் பாசிகளை வைத்து ஏரியின் நிலையை நாங்களே சொல்ல முடியுமா? (ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர்)

பதில்: ஓரளவுக்கு முடியும். அந்த பாஸ்பேட் அளவு தப்பாக இருக்கவேண்டும் என்றும் இல்லை. பாஸ்பேட் பாசிக்கு உரம். தண்ணீரில் இருந்ததைப் பாசி ஏற்கெனவே உறிஞ்சிவிட்டது. கரைந்ததை மட்டும் அளந்தால் குறைவாகத்தான் வரும். பந்தி முடிந்த பிறகு அண்டாவை எட்டிப் பார்த்துவிட்டு, இங்கே சமையலே நடக்கவில்லை என்று சொல்வது போலத்தான் இது. அடுத்த முறை ‘மொத்தப் பாஸ்பரஸ்’ கேளுங்கள். பாசிக்குள் போனதும் அதில் சேர்ந்து வரும்.

பைட்டோபிளாங்டன் என்கிற மிதவைப் பாசிகளின் பயனே இதுதான். ரசாயனச் சோதனை, பாட்டிலை முக்கிய அந்த நேரத்துத் தண்ணீரைச் சொல்லும். மிதவைப் பாசி சில நாளில் பெருகும், சில வாரத்தில் இனம் மாறும். அதனால் கடந்த சில வாரங்களாக ஏரிக்குள் என்ன வந்து சேர்ந்தது என்பது அதில் தெரியும். ஐரோப்பிய ஒன்றியம் 2000-இல் கொண்டுவந்த நீர்ச் சட்டத்தில், ஏரிகளின் தரத்தைச் சொல்லும் உயிரிகளில் ஒன்றாக இதையும் சேர்த்ததற்குக் காரணம் அதுவே.

சரி, உங்கள் ஐந்து பெயர்களுக்கு வருவோம். அமெரிக்கரான பால்மர் 1969-இல் இருபது பாசிப் பேரினங்களுக்கு மதிப்பெண் கொடுத்து ஒரு பட்டியல் வெளியிட்டார். அதில் யூக்ளினாவுக்கு 5, ஆசிலடோரியாவுக்கு 5, சீனடெஸ்மஸுக்கு 4, நேவிகுலாவுக்கு 3. மைக்ரோசிஸ்டிஸுக்கு, அந்தக் காலத்தில் அது சேர்க்கப்பட்டிருந்த அனாசிஸ்டிஸ் என்ற பெயரில், ஒரே ஒரு மதிப்பெண். கூட்டினால் 18. 20-ஓ அதற்கு மேலோ வந்தால் கரிமக் கழிவு, அதாவது சாக்கடை போல அழுகும் கழிவு, அதிகம் என்பது உறுதி; 15 முதல் 19 வரை வந்தால் அதிகமாக இருக்கலாம் என்பது அவர் கணக்கு. சாக்கடை கலக்கிறது என்று நீங்கள் சந்தேகப்பட்டால் அந்தச் சந்தேகத்துக்கு ஆதாரம் இருக்கிறது.

ஆனால் அந்த ஒற்றை மதிப்பெண்ணைக் கவனித்தீர்களா? உங்கள் பட்டியலில் நான் பயப்படுவது மைக்ரோசிஸ்டிஸுக்குத்தான். அதன் பல வகைகள் கல்லீரலைத் தாக்கும் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சை உண்டாக்கும். கொதிக்கவைத்தாலும் அது போகாது. பால்மர் அளந்தது சாக்கடையை, நஞ்சை அல்ல. ஒரு கூட்டுத்தொகையை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதுவதில் இதுதான் சிக்கல். அது போக, எங்கோ குளிர்நாட்டில் பிறந்த கணக்கு அது. நம் ஊர் ஆழமில்லாத, வெயிலில் காயும் ஏரிகளில் கொஞ்சம் பச்சை எப்போதும் இருக்கும். அது இல்லாவிட்டால் மீனும் இல்லை. மாறாக, ஐப்பசி மழையில் செம்மண் கலங்கி வரும்போது வெளிச்சம் இல்லாமல் பாசி குறையும். அதைப் பார்த்து ஏரி சுத்தமாகிவிட்டது என்று எழுதிவிடாதீர்கள்.

எத்தனை பாசி என்பதைவிட, யார் புதிதாக வந்தார் என்பது முக்கியம். சியாட்டில் நகரை ஒட்டிய வாஷிங்டன் ஏரியில் 1955-இல் ஆசிலடோரியா ருபெசென்ஸ் என்ற பாசி தென்பட்டது. ஸ்விட்சர்லாந்தின் சூரிச் ஏரி கெட்டுப்போனபோதும் இதே பாசிதான் தலைகாட்டியது என்பது எட்மண்ட்சன் என்ற பேராசிரியருக்குத் தெரியும். ஏரி முழுக்க நாறிப்போவதற்கு முன்பே அவர் எச்சரித்தார். 1963 முதல் 1968 வரை, சுற்றியுள்ள ஊர்களின் கழிவுநீரை ஏரியிலிருந்து திருப்பிவிட்டார்கள். அந்தக் கழிவுநீர் சுத்திகரித்ததுதான், ஆனாலும் பாஸ்பரஸ் அதிலேயே இருந்தது. திருப்பிவிட்ட பிறகு 1970-களில் ஏரி தெளிந்தது.

நீங்கள் அதே வேலையைச் சின்ன அளவில் செய்யலாம். பதினைந்து நாளுக்கு ஒரு முறை, ஒரே நேரத்தில், காலை எட்டு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். கரையோரம் வேண்டாம், காற்று பாசியை ஒரு பக்கம் ஒதுக்கிவிடும். பரிசலில் போய் நடு ஏரியில், ஒரு முழ ஆழத்தில் இரண்டு பாட்டில் எடுங்கள். ஒன்றில், மாவுச்சத்துச் சோதனைக்கு லேபில் வைத்திருக்கும் அயோடின் கரைசலைப் பால் கலக்காத லேசான டீ நிறம் வரும்வரை விடுங்கள். உயரமான அளவு ஜாடியில் ஊற்றி இரண்டு நாள் அசைக்காமல் வைத்தால் பாசி அடியில் படியும். மேல்நீரை மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு, அடியில் இருப்பதை ஸ்லைடில் பாருங்கள். மேலே பச்சைப் பாலாடை போல ஒன்று மிதந்தே நின்றால் கொட்டிவிடாதீர்கள். உடம்புக்குள் காற்றுப் பைகள் வைத்திருக்கும் நீலப்பச்சைப் பாசி எளிதில் படியாது. மைக்ரோசிஸ்டிஸ் அந்த ரகம்தான்.

இரண்டாவது பாட்டிலில் எதையும் கலக்காமல் அன்றைக்கே பார்க்கவேண்டும். யூக்ளினா அயோடின் பட்டால் உருண்டு சுருங்கிவிடும், அப்புறம் அடையாளம் தெரியாது. உயிரோடு பார்த்தால் சிவப்புக் கண்புள்ளியோடு உடம்பை நெளித்துக்கொண்டு போகும். பிள்ளைகள் மைக்ரோஸ்கோப்பை விட்டு நகரமாட்டார்கள்!

கூடவே, 20 செ.மீ. அகலத் தட்டில் கறுப்பு வெள்ளைக் கட்டம் வரைந்து கயிற்றில் இறக்கி, கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்துவையுங்கள். மறைத்தது சேறா பாசியா என்ற சந்தேகம் வந்தால், தண்ணீரை வெள்ளை வடிதாளில் வடிகட்டினால் கறையின் நிறம் சொல்லிவிடும்.

யாராவது மயில்துத்தம் போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். சம்மதிக்காதீர்கள். செல் உடைந்து நஞ்சு தண்ணீரில் கலக்கும், செத்த பாசி அழுகி ஆக்சிஜனைத் தின்றுவிடும், விடியும்போது மீன் மிதக்கும். மைக்ரோசிஸ்டின் அளவை ஆய்வகத்தில் கேட்டு வாங்குங்கள். குடிநீரில் தொடர்ந்து குடிப்பதற்கு, மைக்ரோசிஸ்டின்-எல்ஆர் வகைக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். அந்த முடிவு வரும்வரை, பாசி ஒதுங்கிக் கிடக்கும் கரைப் பக்கம் மாடுகளை இறக்கவேண்டாம் என்று ஊரில் சொல்லிவையுங்கள்.