அகலமான பின் டயரும் ட்ராக்‌ஷன் கன்ட்ரோலும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: என்னிடம் இருப்பது யமஹா ஆர்15 வி4. கம்பெனி கொடுத்த 140/70-17 பின் டயர் தேய்ந்துபோனதால், பார்வைக்கும் எடுப்பாக இருக்கட்டும் என்று 150/60-17 போட்டேன். நேர் ரோட்டில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஆனால் கொல்லிமலை ஏறும்போது, கொண்டை ஊசி வளைவை விட்டு வெளியே வந்து ஆக்ஸிலரேட்டரைத் திருகினால், ரோடு நன்றாகக் காய்ந்திருந்தாலும் ட்ராக்‌ஷன் கன்ட்ரோல் விளக்கு மினுக்குகிறது. பிக்கப் சட்டென்று விழுந்து மறுபடி வருகிறது. “அதை ஆஃப் பண்ணிட்டு ஓட்டுங்க, சரியாகிடும்” என்கிறார் டயர் மாட்டியவர். அப்படிச் செய்யலாமா?
- நாமக்கல் வாசகர்

பதில்: தயவுசெய்து ஆஃப் பண்ணாதீர்கள். பின் சக்கரம் வழுக்கும்போது இன்ஜின் பலத்தைக் குறைத்துக் காப்பாற்றுவதுதான் ட்ராக்‌ஷன் கன்ட்ரோல். அதிலும் கொல்லிமலையில் வேண்டவே வேண்டாம். 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள அந்தப் பாதையில், எந்த வளைவில் ஈரம் கசிந்திருக்கும், எதில் ஜல்லி சிதறிக் கிடக்கும் என்று முன்கூட்டியே சொல்ல யாராலும் முடியாது. விளக்கு ஏன் மினுக்குகிறது என்று தெரிந்துகொண்டால், எதை மாற்ற வேண்டும் என்பது உங்களுக்கே புரிந்துவிடும்.

உங்கள் வண்டியில் சாய்வை அளக்கும் கருவி இல்லை. முன் சக்கரம், பின் சக்கரம் இரண்டும் என்ன வேகத்தில் சுற்றுகின்றன என்பதை ஏபிஎஸ் சென்சார்கள் சொல்லும். பின் சக்கரம் எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சுற்றினால், “வழுக்குகிறது” என்று கன்ட்ரோல் யூனிட் முடிவு செய்துவிடும். உடனே இக்னிஷன் டைமிங்கிலும் பெட்ரோல் அளவிலும் கைவைத்து இன்ஜின் பலத்தைக் குறைக்கும். பின் சக்கரம் எவ்வளவு சுற்ற வேண்டும் என்ற எதிர்பார்ப்பு, கம்பெனி போட்ட டயர்களின் சுற்றளவை வைத்துப் போட்ட கணக்கு. புதுசாக என்ன மாட்டினீர்கள் என்பது அதற்குத் தெரியாது.

ஒரு காகிதத்தில் போட்டுப் பாருங்கள். 140/70 என்றால் டயரின் அகலம் 140 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 70 சதவீதம், அதாவது 98 மி.மீ. 17 இன்ச் ரிம் என்பது 431.8 மி.மீ. மேலும் கீழும் பக்கச்சுவரைக் கூட்டினால் மொத்த விட்டம் 627.8 மி.மீ. நீங்கள் மாட்டிய 150/60-இல் பக்கச்சுவர் 90 மி.மீ.தான், விட்டம் 611.8. அகலம் கூடிய டயர் என்று நினைத்து வாங்கினீர்கள், ஆனால் உயரத்தில் 16 மி.மீ. குறைந்துவிட்டது. அதே தூரத்தைக் கடக்க பின் சக்கரம் இப்போது சுமார் 2.6 சதவீதம் கூடுதலாகச் சுற்ற வேண்டும். வண்டி துளிகூட வழுக்காமல் போகும்போதே, “பின் சக்கரம் கொஞ்சம் வழுக்குகிறது” என்ற செய்தி கன்ட்ரோல் யூனிட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது.

அப்படியானால் நேர் ரோட்டிலும் மினுக்க வேண்டுமே என்று கேட்பீர்கள். டயர் தேயும், காற்று குறையும் என்பதையெல்லாம் நினைத்துத்தான் தயாரிப்பாளர்கள் கொஞ்சம் இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். 2.6 சதவீதம் அந்த இடத்துக்குள் அடங்கிவிடுகிறது. வளைவில் வண்டியைச் சாய்த்ததும் கதை மாறுகிறது. டயர் நடுப்பகுதியை விட்டுத் தோள்பட்டையில் உருள ஆரம்பிக்கும்; அங்கே ஆரம் குறைவு. உங்கள் முன் டயர் 100/80-17, ஒல்லியானது. ஒரே அளவு சாய்ந்தாலும் ஒல்லி டயரைவிட அகல டயரில்தான் இந்த ஆரம் அதிகமாகக் குறையும். ஏற்கெனவே குறைந்த விட்டம், அதன்மேல் சாய்வினால் இன்னும் கொஞ்சம், அதற்கும் மேலே நீங்கள் திருகும் த்ராட்டில் தருகிற இயல்பான நழுவல். மூன்றும் சேர்ந்து எல்லையைத் தொட்டுவிடுகின்றன. அதனால்தான் வளைவின் வெளிவாசலில் மட்டும் மினுக்குகிறது.

இன்னொன்றையும் யோசியுங்கள். இது புது டயரிலேயே நடக்கிறது. டயர் 4 மி.மீ. தேய்ந்தால் விட்டத்தில் 8 மி.மீ. போய்விடும். கம்பெனி அளவு டயர் அப்படித் தேய்ந்தால் வித்தியாசம் 1.3 சதவீதத்துக்குள் நிற்கும். உங்கள் 150/60 அதே அளவு தேயும்போது, கம்பெனியின் புது டயரோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட 3.8 சதவீதம் சின்னதாகிவிடும். இன்றைக்கு எப்போதாவது வரும் மினுக்கல் அப்போது அடிக்கடி வரும்.

ரிம்மையும் பார்த்துவிடுங்கள். சக்கரத்தின் ஆரக்காலில் ‘எம்டி’ என்று தொடங்கி ஓர் எண் வார்க்கப்பட்டிருக்கும். அதுதான் இன்ச் கணக்கில் ரிம் அகலம். 150/60 கம்பெனியிலிருந்தே வரும் கேடிஎம் ட்யூக் 390-இல் அது 4.00. ரிம் குறுகலாக இருந்தால் அகல டயரின் ஓரங்கள் உள்ளே இழுக்கப்பட்டு, நடுப்பகுதி கூம்பி நிற்கும். போன மாதம் கோவையில் நான் வேலை பார்க்கும் பட்டறைக்கு இப்படி ஒரு வண்டி வந்தது. டயரின் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்குச் சப்பையாகத் தேய்ந்திருந்தது. இரண்டு ஓரங்களிலும் அச்சில் வார்த்த மெல்லிய ரப்பர் முடிகள் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தன. காசு கொடுத்து வாங்கிய அகலம் ரோட்டைத் தொடவே இல்லை. செயின் பக்கம் குனிந்து பார்த்தால், லிங்க்குக்கும் டயருக்கும் நடுவே விரல் நுனிகூட நுழையவில்லை. அந்த இளைஞர் அதே டயரோடு ஊட்டி போய்வரத் திட்டமிட்டிருந்தார். பழைய அளவுக்கு மாற்றித்தான் அனுப்பினோம்.

ஆகவே என் யோசனை: 140/70-17-க்கே திரும்புங்கள். பிடிமானம்தான் வேண்டும் என்றால் அது ரப்பர் கலவையிலிருந்தும் டயரின் கட்டமைப்பிலிருந்தும் வரும். அப்பல்லோ ஆல்ஃபா ஹெச்1, மிஷலின் பைலட் ஸ்ட்ரீட் ரேடியல் இரண்டும் இதே அளவில் வருகின்றன. பக்கச்சுவரில் 66ஹெச் குறைந்தபட்சம் இருக்கட்டும்: 300 கிலோ எடை, மணிக்கு 210 கி.மீ. வேகம் தாங்கும் என்று அர்த்தம். 18.4 பிஎஸ் தருகிற இன்ஜினுக்கு 150 அகலம் பாரம்தான், பலம் இல்லை. பின்பக்கம் 8 மி.மீ. தாழ்ந்ததால் ஆர்15-இன் அழகே ஆன அந்தச் சுறுசுறுப்பான திரும்பலும் மந்தமாகியிருக்கும். பழைய அளவு போட்டதும் முதல் வளைவிலேயே அது உங்களுக்குத் தெரியும்.

கேள்வி: கேடிஎம் ஆர்சி 390, 2022 மாடல். பின்னால் 150/60-17. 160/60 போடலாமா? இதில் சாய்வைக் கணக்கிடும் ட்ராக்‌ஷன் கன்ட்ரோல் இருப்பதால் தானே சமாளித்துக்கொள்ளும் என்கிறார் நண்பர்.
- ஓசூர் வாசகர்

பதில்: வண்டி எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்பது உங்கள் வண்டிக்குத் தெரியும், உண்மைதான். டயரின் சுற்றளவு மாறியது அதனால் தெரிந்துவிடாது.

உங்கள் விஷயம் முதல் கேள்விக்கு நேர் எதிர், எனக்குக் கூடுதல் கவலை தருவதும் இதுதான். 160/60-இன் விட்டம் 623.8 மி.மீ.; உங்களுடையது 611.8. இங்கே டயர் 2 சதவீதம் பெரிதாகிறது. பின் சக்கரம் எதிர்பார்த்ததைவிட மெதுவாகச் சுற்றும். நிஜமாகவே வழுக்க ஆரம்பித்தாலும், முதல் 2 சதவீத வழுக்கல் கணக்கில் வராமலே போகும். விளக்கு மினுக்காது, பிக்கப் விழாது, வண்டி அருமையாக ஓடுவதாகத் தோன்றும். மழையில் ஒரு வெள்ளைக் கோட்டின் மேல் சாய்ந்தபடி த்ராட்டிலைத் திறக்கும்போது, உதவி வரவேண்டிய நேரத்தைவிடத் தாமதமாக வரும். நாமக்கல் வாசகருக்குத் தொந்தரவாவது கண்ணுக்குத் தெரிகிறது. உங்களுக்கு அதுவும் தெரியாது.

160/60 கம்பெனியிலிருந்தே வரும் நின்ஜா 650-இல் ரிம் 4.50 இன்ச். உங்கள் ரிம்மில் வார்த்திருக்கும் எண்ணை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

டயர் அளவை மாற்றினால் அதை வண்டிக்குக் கற்றுக்கொடுக்க வழி உள்ள பைக்குகளும் இருக்கின்றன. 2011-இல் வந்த ஏப்ரிலியா ஆர்எஸ்வி4-இன் ஏபிஆர்சி என்ற ட்ராக்‌ஷன் கன்ட்ரோல் அமைப்பில் டயருக்கும், செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டுக்கும் ஏற்றபடி கணக்கைத் திருத்திக்கொள்ளும் வசதி வைத்திருந்தார்கள். அப்படியொரு வசதி உங்கள் வண்டியின் கையேட்டில் எழுதியிருந்தால் ஒழிய, அளவை மாற்றாதீர்கள்.

கேள்வி: வேறு பிராண்டு டயர், ஆனால் அதே அளவு. ட்ராக்‌ஷன் கன்ட்ரோலுக்கு ஏதாவது ஆகுமா? பின் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் கூட்டினால்?
- திண்டுக்கல் வாசகர்

பதில்: பக்கச்சுவரில் ஒரே எண் இருந்தாலும் பிராண்டுக்குப் பிராண்டு சில மி.மீ. வித்தியாசப்படும். பொதுவாக அது தொந்தரவு தராது. சந்தேகம் இருந்தால் நீங்களே அளந்துவிடலாம். காற்றைச் சரியாக வைத்து, டயரில் தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. தரையிலும் அதே இடத்தில் ஒரு கோடு. நீங்கள் வண்டியில் உட்கார்ந்துகொள்ளுங்கள், நண்பரை நேராகத் தள்ளச் சொல்லுங்கள். டயர்க்கோடு மறுபடி தரையைத் தொடும் இடத்தில் இன்னொரு கோடு போட்டு, நடுத்தூரத்தை டேப்பால் அளக்கவும். பழைய டயரைக் கழற்றும் முன்பே இதைச் செய்து எழுதி வையுங்கள், புது டயரை மாட்டியதும் ஒப்பிடலாம். காலி வண்டியை உருட்டி அளந்தால் கணக்கு தப்பும். ஆள் எடையில் டயர் அமுங்கும்.

சக்கர சென்சார்களை மட்டும் நம்பும் வண்டியில் ஸ்ப்ராக்கெட் மாற்றம் ட்ராக்‌ஷன் கன்ட்ரோலைப் பாதிக்காது. சென்சார் எண்ணுவது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் வளையத்தை. செயினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கியர் பாக்ஸிலிருந்து வேகம் எடுக்கும் வண்டியானால் ஸ்பீடோமீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டும், அவ்வளவுதான்.