சதுரங்கமும் மிட்டாயும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் அடிக்கடி குறிப்பிடும் தத்துவவாதி அலஸ்டர் மக்கின்டயரைப் பற்றித் தேடிப் படித்தேன். இளமையில் கம்யூனிஸ்ட் கட்சி, அப்புறம் ஸ்டாலினை எதிர்த்த ட்ராட்ஸ்கியக் குழுக்கள், ஐம்பது வயதுக்கு மேல் கத்தோலிக்கம். இப்படி மாறிக்கொண்டே இருந்தவர், தனிமனித உரிமையை முதன்மையாக வைக்கும் தாராளவாதத்தைக் (லிபரலிசத்தை) குறை சொன்னால் அதற்கு என்ன மதிப்பு? கடைசியில் பழமைக்குத் திரும்பியவர்தானே?

ச.

அன்புள்ள ச.,

மாறினார், உண்மைதான். ஆனால் எதை எதிர்த்தாரோ அதைக் கடைசிவரை எதிர்த்தார். 1953இல், 24 வயதில் வந்த முதல் நூல் மார்க்சியத்தைப் பற்றியது. 2016இல் வந்த நூலிலும் இடைக்காலக் கத்தோலிக்கத் தத்துவவாதி தாமஸ் அக்வினாஸுக்குப் பக்கத்தில் மார்க்ஸ் இருக்கிறார்.

அவர் எதை எதிர்த்தார் என்று புரிந்துகொள்ள, 1981இல் வந்த ‘ஆஃப்டர் வெர்ச்யூ’ நூலில் வரும் ஏழு வயதுக் குழந்தை போதும். அதற்குச் சதுரங்கத்தில் ஆசை இல்லை. ஆடினால் மிட்டாய், ஜெயித்தால் இன்னும் மிட்டாய் என்கிறோம். மிட்டாய்க்காக ஆடும்வரை, மாட்டிக்கொள்ளாமல் ஏமாற்றுவதுதான் குழந்தைக்கு லாபம். போகப்போக ஆட்டமே பிடித்துப்போகிறது. நாலு நகர்த்தலுக்கு அப்பால் பார்ப்பதில் ஒரு சந்தோஷம் வருகிறது. அதன்பிறகு ஏமாற்றினால் தோற்பது அந்தக் குழந்தையேதான். நேர்மையும் பொறுமையும் இப்படி ஒரு வேலைக்குள் இறங்கி, கூட இருப்பவர்களிடம் கற்றுத்தான் வருகின்றன. தாராளவாத அரசோ, எது நல்லது என்பதை அவரவர் முடிவு செய்யட்டும், நான் நடுவில் நிற்கிறேன் என்கிறது. அப்படியானால் நல்லது எது என்று சேர்ந்து பேச இடமே இல்லாமல் போகிறது, பொதுவில் மிஞ்சுவது மிட்டாய்தான், அதாவது பணமும் பதவியும், என்பது அவர் வாதம். எனக்கு இன்றுவரை இதற்குச் சரியான மறுப்பு கிடைக்கவில்லை.

பழமைவாதி என்ற பட்டம் அவருக்குப் பொருந்தாது. முதலாளியத்தை அவர் ஒருநாளும் ஏற்கவில்லை. உயிருள்ள மரபு என்பதே தலைமுறை தாண்டி நீளும் வாக்குவாதம் என்றார். தேசிய அரசுக்காக உயிரைக் கொடுக்கச் சொல்வது தொலைபேசிக் கம்பெனிக்காகக் கொடுக்கச் சொல்வது மாதிரி என்றும் எழுதினார்.

எனக்கு அவரிடம் ஒரு குறை உண்டு. அவர் நம்பியது சின்னச் சின்னச் சமூகங்களை, மீன்பிடிப் படகுக் குழு மாதிரியானவற்றை. அங்கே ஒத்துப்போக முடியாத ஒரு பெண் வெளியேற நினைத்தால், அவளுக்குக் கதவு திறந்திருப்பது தாராளவாதம் தந்த உரிமைகளால்தான். இதை அவர் போதுமான அளவு யோசிக்கவில்லை.

படிக்க நினைத்தால் 1999இல் வந்த ‘டிபெண்டன்ட் ரேஷனல் அனிமல்ஸ்’ நூலை எடுங்கள், சின்னதுதான். குழந்தையாக, நோயாளியாக, முதியவராக நாம் எல்லோரும் பிறர் கையில் இருப்பவர்கள், அறவியல் அதை மறந்துவிட்டது என்கிறார். என் அம்மா படுக்கையில் இருந்த மாதங்களில் அதைப் படித்தேன். ‘சுயேச்சையான தனிமனிதர்’ என்ற சொல்லை அதற்குப் பிறகு என்னால் சுலபமாகச் சொல்ல முடிந்ததில்லை.